தெரிஞ்சவங்க மரண அறிவிப்பைப் பேப்பர்ல பாத்திருக்கீங்களா?

இன்ஸீன் லைன்வீடு

போன மாசம் நடந்தது. இன்னும் மனசு ஆறல, அதான் எழுதறேன்.

டீக்கடையில ச்சேமோன்ங்கற பர்மியத் தினசரி கிடந்துச்சு. நம்ம பர்மாவுல யாரும் முன்பக்கத்துல ஆரம்பிக்கறதில்ல, நானும் துக்கப் பக்கத்தைத்தான் முதல்ல பிரிச்சேன். கறுப்புக் கட்டத்துக்குள்ள ஒரு பாட்டியம்மா போட்டோ. பர்மா ஜாக்கெட், கன்னத்துல தனகா மரப்பட்டைச் சாந்து, கொண்டையில பூ. பர்மியப் பேர். வயசு 81. திருப்பப் போனவன் கை நின்னுடுச்சு. இடது புருவத்துக்கு நடுவுல ஒரு வெட்டு. அந்தப் புருவத்தை அஞ்சு வருஷக் கோடை லீவுல தினம் பாத்திருக்கேன். எங்க தமிழ் டீச்சரம்மா.

பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குள்ள அந்த ஒத்தை எழுத்து இருந்துச்சு, 'என்கிற'ன்னு போடுவாங்களே, அது. அடுத்தாப்ல அவங்க தமிழ்ப் பேரு பர்மா எழுத்துல. அந்தப் பேர்ல ஒரு ழ இருக்கு. பர்மா எழுத்துல ழ கிடையாது, ல போட்டு முடிச்சிருந்தாங்க. ழ வரலைன்னு என்னைக் கோயில் மண்டபத் தரையில முட்டி போட வெச்சவங்க அவங்க. "பழம் சொல்லு, பலம் இல்ல, பழம்"னு காதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. 65-ல பள்ளிக்கூடத்தையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிட்ட பிறகு தமிழ் மிஞ்சினது கோயில் மண்டபத்துலதான். மார்ச்சுல ஆரம்பிப்பாங்க, திஞ்சான் தண்ணித் திருவிழாவுக்கு விடுவாங்க, மறுபடி மே கடைசி வரைக்கும். ஒரு பியா காசு வாங்கினதில்ல.

அவங்க செத்துட்டாங்கங்கறது மட்டும் இல்ல என்னைக் குடையறது. 2018-ல லேடான் பஸ் ஸ்டாப்புல அவங்களைப் பாத்தேன். குரலை வெச்சே என்னைக் கண்டுபிடிச்சாங்க, கண்ணு ரெண்டுலயும் புரை. பையில இருந்து ஒரு லெட்டர் எடுத்தாங்க. இந்தியாவுல சொந்த ஊர்ல இருந்து அவங்க தங்கச்சி எழுதினதாம். "வீட்ல யாருக்கும் தமிழ் படிக்க வராதுடா, நீ வாசி"ன்னாங்க. நான் பிரிச்சேன். அச்சு எழுத்துன்னா தட்டுத்தடுமாறிப் படிச்சிருப்பேன். இது கையெழுத்து, சேத்துச் சேத்து எழுதினது, ஒரு வரி ஓடல. கடை போர்டைத் தவிர தமிழ் படிச்சு இருபது வருஷம் ஆச்சு. அவங்ககிட்ட அதை எப்படிச் சொல்றது? "டீச்சரம்மா, பஸ் வந்துடுச்சு, இன்னொரு நாள் வீட்டுக்கு வரேன்"னுட்டு வந்த பஸ்ல ஏறிட்டேன். அது எங்க போற பஸ்ஸுன்னுகூடப் பாக்கல.

கட்டத்துல அடியில வழக்கம்போல, வீட்டுல இருந்து மதியம் ஒரு மணிக்கு வண்டிகள் புறப்படும், யேவே சுடுகாட்டுல தகனம்னு போட்டிருந்துச்சு. தேதியைப் பாத்தேன். முந்தாநாள் பேப்பர்.

பிள்ளைங்க பேரு, மருமக்க பேரு, பேரப்பிள்ளைங்க இத்தனைன்னு எல்லாம் இருந்துச்சு. ஊர்ல இருக்கற அந்தத் தங்கச்சி இல்ல.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?

தாமாய் டிரைவர்

அண்ணே, எனக்கு 2021 ஜூலை, கொரோனா நேரம்.

அந்த நேரம் எப்படி இருந்துச்சுன்னு இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. காலையில நாலு மணிக்கு ஊரடங்கு விட்ட உடனே ஆக்சிஜன் ஃபேக்டரி வாசல்ல சிலிண்டரை வரிசையில வெப்போம். அப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு 78-ல நின்னுச்சு. எனக்கு முன்னால ஒருத்தர், அம்பது வயசு இருக்கும், தமிழாளுதான். மாஸ்க்குக்கு மேல விபூதி தெரிஞ்சுது. பேச்சுக் கொடுத்தாரு. வீட்ல ஒருத்தருக்கு முடியலைன்னாரு. நான் அப்பா நம்பரைச் சொன்னேன். ஒண்ணும் பேசல, தன் சிலிண்டரை இழுத்து என் சிலிண்டருக்குப் பின்னால வெச்சாரு. அவ்வளவுதான். அன்னைக்கு வரிசையில எல்லாருக்கும் கிடைக்கல. அவருக்குக் கிடைச்சுதான்னு நான் திரும்பிப் பாக்கல, காரை எடுத்துக்கிட்டு ஓடிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு துக்கப் பக்கம். அந்த மாசம் அந்தப் பக்கம் எப்படி நிறைஞ்சு வழிஞ்சுதுன்னு தெரியுமே. அதுல அவரு. போட்டோவுல மாஸ்க் இல்ல, ஆனா அந்த நெத்தி, அந்த விபூதி, அவரேதான்.

அவர் சிலிண்டரைப் பின்னால இழுக்கும்போது ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்கினாரு. கனமா இருக்குன்னு நினைச்சேன். காலி சிலிண்டர் அது. வீட்ல ஒருத்தருன்னு சொன்னாரே, அது யாருன்னு நான் கேக்கவே இல்ல.

அப்பா இப்ப நல்லா இருக்காரு. அவருக்கு இதைச் சொன்னதில்ல.

தாட்டோன் பெரியவர்

இன்ஸீன் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். முந்தாநாள் பேப்பர் என்றால் என்ன? யேவேக்குப் போக முடியாவிட்டால் யெட்லே இருக்கிறதே. ஏழாம் நாள் புத்த பிக்குகள் சங்கத்துக்குச் சோறு போடும்போது போய் உட்கார்ந்து எழுந்து வந்தால் ஆயிற்று. "நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போ" என்று நம் வீட்டில் சொல்லித்தானே வளர்த்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்து வருத்தப்பட்டு யாருக்கு என்ன பயன்?

என் அனுபவமும் சொல்கிறேன். என் பெரியப்பா மகன் ரங்கூனில் இருந்தார். பேப்பரில் ஒரு போட்டோ, ஜாடை அவர் மாதிரியே இருந்தது. பேர் முழுக்கப் பர்மியப் பேர், தமிழ்ப் பேரைப் போடவில்லை. யாரோ பாவம் என்று பக்கத்தைத் திருப்பினேன். மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் சொன்னார்கள், அது அவர்தான் என்று. என் கையாலேயே திருப்பிவிட்ட பக்கம் அது.

அதனால்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், அறிவிப்புக் கொடுக்கும்போது யோசித்துக் கொடுங்கள். அடையாளக் கார்டில் இருக்கும் பேரை மட்டும் போட்டால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. 'என்கிற' எழுத்தைப் போட்டு வீட்டுப் பேரையும் போடுங்கள். அப்பா பேரை எழுதும்போதும் அப்படியே, அவருடைய தமிழ்ப் பேர் வேண்டும். இப்போது குடியிருக்கும் விலாசம் போதாது, முன்பு இருந்த ஊர், தெரு, பார்த்த வேலை எல்லாம் வேண்டும். சக்கரைக் கடைக்காரர், டாக்யார்டு ஃபிட்டர், எது சொன்னால் நாலு பேருக்குப் புரியுமோ அது. நம் ஆட்கள் ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருப்பது வேலையை வைத்தும் தெருவை வைத்தும்தான். யெட்லே தேதியைப் போடுகிறவர்கள் பதினாறாம் நாள் தேதியைப் போடுவதில்லை. இரண்டும் செய்கிற குடும்பம் இரண்டையும் போட வேண்டும், பெகுவிலிருந்தும் மோல்மீனிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஏழு நாளில் சேதி எட்டாது. போட்டோ கொடுக்கும்போது கார்டுக்கு எடுத்த போட்டோவைக் கொடுக்காதீர்கள். அதில் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருக்கிறோம். கோயிலில், கல்யாணத்தில் எடுத்ததில் முகம் தெளிவாக இருப்பதைக் கொடுங்கள். அப்புறம், பேப்பர் துண்டை எடுத்து வைத்துக்கொண்டால் காரியம் ஆகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஆகாது, இறப்புச் சான்றிதழ் தனியாக வாங்கவேண்டும்.

இன்னொன்று. நமக்கு நாமே பேரை மறைத்துக்கொண்டதால் வந்த வினை இது. வெட்கப்படுகிறார்கள். செத்த பிறகுமா வெட்கம்?

பெகு மில் பேரன்

பெரியவர் ஐயா, கடைசி வரியை நான் ஒத்துக்க மாட்டேன்.

வெட்கம் இல்லைங்க. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது ஒரு பேரு, கார்டுக்கு ஒரு பேரு. 82 குடியுரிமைச் சட்டத்துக்கப்புறம் யாருக்கு ரோஸ் கார்டு, யாருக்கு நீலம், யாருக்கு பச்சைன்னு ஆனப்போ ஒரு எழுத்து மாறினாலும் எத்தனை அலைச்சல்னு உங்களுக்குத் தெரியாததா? எஃப்.ஆர்.சி.ங்கற வெளிநாட்டவர் பதிவுப் புத்தகத்தை வருஷா வருஷம் கொண்டுபோய் நீட்டின குடும்பம் நாங்க. எங்க தாத்தா பர்மியப் பேரைத் தானே தேடி எடுத்தாரு, கூட வேலை பாத்த சினேகிதன் பேர்ல பாதி. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா சந்தோஷமாத் திரும்புவாரு. அவர் பேருங்க அது.

ஆனா ஒண்ணு நடந்துச்சு. அவர் போனப்போ அறிவிப்பை நான்தான் எழுதினேன். கார்டுல இருந்த பேரு மட்டும் கொடுத்தேன். ரெண்டு வரி கூடினா கட்டம் பெரிசாகும், காசு கூடும். அன்னைக்கு வீட்ல காசு இல்ல, மருத்துவமனையில எல்லாம் போயிடுச்சு.

ஒன்பதாம் நாள், யெட்லே முடிஞ்சு பந்தல் பிரிச்சாச்சு, வாசல்ல ஒரு கிழவரு. கைலி, தோள்ல துண்டு, செருப்பைக் கையில பிடிச்சிருந்தாரு. மழைச் சேறு. சட்டைப் பையில இருந்து பேப்பர் துண்டை எடுத்தாரு, மடிச்சு மடிச்சு நாலா கிழிஞ்சிருந்துச்சு. நாலையும் என் உள்ளங்கையில சேத்து வெச்சுக் காட்டி, "தம்பி, இது நம்ம மில்லு மேஸ்திரிதானே?"ன்னாரு. ஆமான்னேன். "பேரு வேறயா இருந்துச்சு. பேரன் படிச்சுச் சொன்னான், அவரா இருக்காதுன்னான். காது மட்டும் அவரு காது மாதிரி இருந்துச்சு. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்"னாரு.

தாத்தாவுக்கு வலது காது மடல் மேல கொஞ்சம் மடங்கியிருக்கும். நான் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியிருக்கேன், அதைக் கவனிச்சதில்ல. கிழவரு கிளம்பிப் போன பிறகு போட்டோவை எடுத்துப் பாத்தேன்.

பொங்ஜிக்கு, அதாவது பிக்குவுக்கு, வெச்ச விசிறில ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, அதைக் கொடுத்தேன். சாப்பிடல, தண்ணி மட்டும் குடிச்சாரு. எந்த ஊருன்னு கேட்டேன், சொன்னாரு. நாலு மணி நேரம் பஸ்.

மோல்மீன் தங்கச்சி

எங்க வீட்டுக்குப் பால் ஊத்தின அண்ணன். மாடு ரெண்டு, சைக்கிள் ஒண்ணு. மழைக்காலத்துல பிளாஸ்டிக் கவரைத் தலைப்பாகையா கட்டிக்கிட்டு வருவாரு. நாங்க வீடு மாறினப்போ கடைசி மாசக் காசு நின்னுபோச்சு, அம்மா தரணும் தரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

பேப்பர்ல பாத்தேன். மகள் பேருக்குப் பக்கத்துல டாக்டர்னு பட்டம். மகன் பேருக்குப் பக்கத்துல சிங்கப்பூர். அந்த சைக்கிள்ல இருந்தா இதெல்லாம் வந்துச்சுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வயசு 62-ன்னு போட்டிருந்துச்சு. அப்படின்னா எங்க வீட்டுக்கு வந்தப்போ அவருக்கு முப்பதுகூட ஆகல. நாங்கள்லாம் அவரைத் தாத்தான்னு கூப்பிடுவோம்.

காசைக் கோயில் உண்டியல்ல போட்டேன். அது அவருக்குப் போகாதுன்னு தெரியும்.

வியாசர்பாடி பர்மாக்காரம்மா

நான் மெட்ராஸ்ல இருக்கேன். இருந்தாலும் சொல்ல எனக்கும் ஒண்ணு இருக்கு.

ரங்கூன் கெம்மண்டைன்ல பிறந்தேன். 64 மார்ச்சுல எங்கப்பா கடைக்கு சர்க்கார் பலகை மாட்டிட்டுப் போயிட்டாங்க. மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. அடுத்த வருஷம் கப்பல். எனக்குப் பத்து வயசு.

பக்கத்து வீட்டுல ஒரு பர்மாப் பொண்ணு, என் வயசுதான். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல மூங்கில் வேலி, அதுல ஒரு ஓட்டை, அது வழியாத்தான் எங்க போக்குவரத்து. அவ வீட்ல செய்யற மொஹிங்கா, மீன் குழம்பு நூடுல்ஸ், எங்க வீட்டுக்கு வரும், எங்க வீட்டு இட்லி அங்க போகும். கப்பல் ஏறற அன்னைக்கு விடியக்காலை வந்தா. கையில அவங்க அம்மா தனகாக் கட்டையும் கல்லும். எங்க திண்ணையில உக்காந்து தண்ணி விட்டு அரைச்சா. என் மூஞ்சில பூசினா. ரெண்டு கன்னத்துலயும் வட்டமா, மூக்கு மேல ஒரு கோடு. "கழுவாதே"ன்னா. அழல ரெண்டு பேரும்.

கப்பல்ல உப்புக்காத்து. தனகா காஞ்சு வெடிச்சுக் கன்னம் இழுத்துச்சு. அம்மா கழுவச் சொல்லித் திட்டுறா, நான் கழுவல. மெட்ராஸ் ஹார்பர்ல இறங்கும்போது பாதி உதிர்ந்து பாதி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. முகாம்ல ஒரு அம்மா, யாருன்னே தெரியாது, என்ன அழுக்குப் பொண்ணுன்னு ஈரத்துணியால ஒரே இழுப்பா இழுத்துத் துடைச்சு விட்டா. இப்பவும் அந்தத் துணி கன்னத்துல படற மாதிரி இருக்கு.

போன வருஷம், யாங்கோன்ல இருக்கற எங்க சொந்தக்காரப் பையன் வாட்ஸப்புல ஒரு கோயில் சேதியைப் போட்டோ எடுத்து அனுப்பினான். பேப்பரோட அந்தப் பக்கத்து ஓரத்துல பாதிக் கட்டம் விழுந்திருந்துச்சு. பர்மா எழுத்து எனக்கு இப்ப எழுத்துக்கூட்டித்தான் வரும். சும்மா, மறக்காம இருக்கான்னு கூட்டிப் பாத்தேன். எங்க தெரு பேரு. அவங்க வீட்டு நம்பர். போட்டோ பாதி அறுந்துபோச்சு, ஒரு கண்ணும் ஒரு கன்னமும்தான் இருக்கு. முழுசா எடுத்து அனுப்புடான்னேன். அந்தப் பேப்பர் எங்கயோ போயிடுச்சுன்னான்.

தாட்டோன் ஐயா, நீங்க சொல்றது சரிதான். ஆனா பேரை மட்டும் சொல்லாதீங்க. அவளுக்கு ஒரே பேருதான். ஐம்பத்தெட்டு வருஷம் கழிச்சு எனக்கு அவளைக் காட்டிக் கொடுத்தது வீட்டு நம்பர். அவ அந்த வீட்டை விட்டு எங்கயும் போகல. நான்தான் போனேன்.

தாட்டோன் பெரியவர்

அம்மா, விலாசம் போடச் சொல்லி நானும் எழுதியிருக்கிறேன், பாருங்கள். பெகு தம்பி, வெட்கம் என்று சொன்னது என் பெரியப்பா மகனை நினைத்துச் சொன்னது. அவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. உங்கள் தாத்தாவைச் சொல்லவில்லை.

இன்ஸீன் லைன்வீடு

பெரியவர் சொன்னது உறைச்சுது. ஏழாம் நாளைத் தவறவிட்டுட்டேன், ஆனா போனேன். விலாசம் கட்டத்துல இருந்துச்சு.

மகள் கதவைத் திறந்தாங்க. என்னைவிட ரெண்டு மூணு வயசு மூத்தவங்களா இருக்கும். பர்மியத்துலதான் பேசினோம். உங்கம்மாகிட்ட தமிழ் படிச்சேன்னேன். "எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல, அப்பா வீட்டு ஆட்கள் கேலி பண்ணுவாங்கன்னு விட்டுட்டாங்க. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க"ன்னாங்க. கோபமாச் சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னாங்க.

சுவர்ல அந்தப் போட்டோ பெரிசாக்கி மாட்டியிருந்துச்சு. தகனத்துக்குக் கொடுத்த காகித விசிறி ஒண்ணு கொடுத்தாங்க. பேரு, வயசு, ஒரு பாலி வரி. அதுலயும் ழ இல்ல. நான் பையில இருந்து பேனாவை எடுத்து, கேட்டுட்டு, பேருக்குப் பக்கத்துல தமிழ்ல எழுதினேன். கை நடுங்குச்சு, ழ கால் கோணலா வந்துச்சு. மகள் வாங்கிப் பாத்தாங்க. "இப்படித்தான் இருக்குமா அம்மா பேரு?"ன்னு கேட்டாங்க. இன்னொரு விசிறியை எடுத்து வந்து அதுலயும் எழுதச் சொன்னாங்க.

லேடான்ல நடந்ததைச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். சொல்ல முடியல. ஆனா லெட்டர் ஏதாவது இருக்கான்னு கேட்டேன். கண் தெரியாமப் போனப்புறம் வந்ததெல்லாம் தலையணைக்கு அடியிலயே வெச்சிருந்தாங்களாம், தலையணையோட சேத்துச் சவப்பெட்டியில வெச்சு யேவேக்கு அனுப்பிட்டாங்க. யாராலயும் படிக்க முடியாததை என்ன செய்யறதுன்னு கேட்டாங்க. சரிதான்னேன்.

வியாசர்பாடி பர்மாக்காரம்மா

தம்பி, அந்தத் தங்கச்சிக்கு யாராவது சொன்னாங்களா? அவங்க இன்னும் லெட்டர் போட்டுக்கிட்டு இருந்தா? எந்த ஊருன்னு மகளுக்குத் தெரியுமா?

இன்ஸீன் லைன்வீடு

மகளுக்குத் தெரியல, இந்தியாங்கறாங்க.

அன்னைக்கு லெட்டரைப் பிரிச்சுப் பாத்ததுல எனக்கு ஓடின ஒரே வார்த்தை மேல மூலையில இருந்துச்சு அம்மா, தேதிக்கு மேல, கொஞ்சம் பெரிசா எழுதியிருந்தாங்க. அறந்தாங்கி. தங்கச்சி பேரு தெரியாது. டீச்சரம்மா பேரையும் அவங்க அப்பா பேரையும் தனியா அனுப்பறேன். ழ-வோடதான் எழுதியிருக்கேன், சரியா இருக்கான்னு பாருங்க.